இரண்டு சுழி ன

தூங்காத ஊர் என்று பேர் வாங்கித் தந்தது
பஸ் ஸ்டாண்டைச் சுற்றி நாலு தெரு.
இங்கே ஆனையூரில் பத்தரைக்கே அடங்கிவிடுகிறார்கள்.
தலையணையில் தலை பட்டதும்
குழாயை மூடியதுபோல் நின்றுபோகிறார் கனகவேல்.
எனக்கு வாஷர் தேய்ந்திருக்கிறது.

பன்னிரண்டு ஐம்பது.
சாயங்காலம் அச்சகத்தில் கடைசியாகத் திருத்திய பத்திரிகை,
ஐந்நூறு பிரதி, மஞ்சள் அட்டை.
மணமகளுக்கு மூன்று சுழி போட்டிருந்ததா?
பார்த்தேன்.
பார்த்தது இதையா, போன வாரத்துக் காதுகுத்தையா?
காதுகுத்தில் மணமகள் எதற்கு வருகிறாள்,
வந்தால் மொய் யார் பெயரில் எழுதுவாள்,
மொய் நோட்டின் அட்டை ஏன் எப்போதும் நீலம்?

கூடல் நகரில் கூட்ஸ் வண்டி.
பெட்டிகளை எண்ணு, தூக்கம் வரும் என்றார்கள்.
பதினேழாவதில் வேறு எங்கோ போய்விட்டேன்.
திரும்பி வந்தால் வண்டி இல்லை.
விட்டுப்போனவை எத்தனை என்று
இப்போது நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

டாக்டர் சீட்டில் இரண்டு பெயர் எழுதினார்:
கவனம் நில்லாமை. பதற்றம்.
ஒருத்தி சாவியை எங்கோ வைப்பாள்,
இன்னொருத்தி திருடன் வந்துவிட்டான் என்பாள்.
இருவரும் படுப்பது என் பாயில்.
காலை எட்டுக்குப் போட வேண்டிய மாத்திரை
பதினொன்றரைக்குத்தான் ஞாபகம் வரும்,
போட்டால் ராத்திரி பட்டப்பகல்.
போடாவிட்டால் அச்சகத்தில்
மாப்பிள்ளையின் அப்பா காலமாகிவிடுவார்,
பெயருக்கு முன்னால் ஒரு 'அமரர்' தப்பிப் போய்.

சின்ன வயதில் தலையைத் தடவிப் பார்த்த அத்தை சொன்னாள்
ரெட்டைச் சுழி, அதான் ஒரு இடத்தில் இருக்க மாட்டேங்குறா.
மனம் என்று எழுதும்போதெல்லாம் அது உறுத்தும்.
இலக்கணப்படியே இரண்டு சுழிதான்.
ஆற்றில் ஒரு சுழி இருந்தாலே
இறங்காதே என்று பலகை வைக்கிறார்கள்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள்
ராத்திரி மூணரைக்குத் தெருக்குழாயில் தண்ணீர்.
ஒன்பது வீட்டுக்கும் நான்தான் அலாரம்.
"ஒனக்கென்ன, முழிச்சுத்தான கெடப்ப"
என்று ரஞ்சிதம் சொன்னபோது கோபம் வரவில்லை.
எதற்காவது ஆகிறதே இந்த முழிப்பு
என்று கொஞ்சம் பெருமைகூட.

போன செவ்வாய் தண்ணீர் வந்தபோது
நான் விழித்துத்தான் இருந்தேன்.
பத்திரிகையைத் தேடிப் பையைத் திறந்து
பையில் பொத்தான் டப்பா கிடைத்து
இரண்டு துளை, நாலு துளை என்று
தரையில் பிரித்துக்கொண்டிருந்தேன்.
தலை நிமிர்ந்தபோது வாசலில் வெளிச்சம்.
தெரு முழுக்கக் காலி டிரம்கள்.
யாரும் திட்டவில்லை.
திட்டியிருந்தால் அன்று பகலிலாவது தூங்கியிருப்பேன்.

வியாழன் ராத்திரி இரண்டுக்கே
பிளாஸ்டிக் சேரைக் குழாயடியில் போட்டு
குழாயின் கழுத்தில் கை வைத்து உட்கார்ந்தேன்.
வருமுன் அது இருமும்.
அந்த இருமலுக்காக மட்டும் காத்திருந்தேன்,
வேறு ஒன்றையும் தேட வேண்டியதில்லை,
இரும்பு குளிர்ந்தது,
கை குளிர்ந்தது,

"மணி அஞ்சே முக்கால்" என்றாள் ரஞ்சிதம்.
என் தோளில் அவள் வீட்டுத் துண்டு.
கால் பக்கம் என் குடங்கள், நிரம்பி.
தெரு முழுக்க ஈரக் கால்தடம்.
அத்தனை பேரும் என்னைச் சுற்றித் தண்ணீர் பிடித்திருக்கிறார்கள்
பேச்சைக் குறைத்து.
"எழுப்ப மனசு வரல."

மூன்று மணி நேரம் இருக்குமா?
வாயைத் திறந்து தூங்கினேனா?
எச்சில்? யார் யார் பார்த்தார்கள்?
யாருக்கு அலாரம் அடித்தது, எனக்கு வேலை போயிற்றா?
குடங்களை எண்ணினேன்.
ஏழு.
மூடிகள் ஆறு.